வேஷத்துக்குக் கொடுத்த சீட்டு

ஒப்பந்தக் கூலி முறையைச் சர்க்கார் ஒழித்துப் பதின்மூன்று வருஷமாயிற்று. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. பாவம், வழி தெரியவில்லை போலிருக்கிறது. துரை கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் எவனும் வெளியேற முடியாது. மீறிப் போனால் வேறெந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. போலீஸ்தான் அன்போடு சேர்த்துக்கொள்ளும்.

அங்கே பால்வெட்டும் கூலி சன்னாசி அந்தச் சீட்டைச் சும்மா கேட்கவில்லை. ஜெர்மன் சண்டையின்போது, சுங்காய் ஊரில் சுவிஸ்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரன் வீட்டுக்குத் துரை அவனைச் சமையல்காரனாக அனுப்பினார். இரண்டு வருஷம் கோழிக்கறி ஆக்கிப் போட்டுக்கொண்டே கடிதங்களைத் திருடிக் கொடுத்தான். அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். "சண்டை முடிஞ்சா நீ சுதந்திர மனுஷன்" என்று துரை கையிலடித்துச் சத்தியம் செய்திருந்தார். சண்டை முடிந்தது. துரைக்குப் பதக்கம் வந்தது, சன்னாசிக்குப் பழைய ரப்பர்ப் பால்வாளி வந்தது.

கேட்டபோதெல்லாம், "நீ ஒற்று வேலை பார்த்ததுக்கு ரிக்கார்டு எங்கே?" என்றார் துரை. இப்போது மனைவி நல்லம்மாளுக்கு எட்டு மாசம். தன் பிள்ளை இந்தக் கூலி லயத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்துப் பேரேட்டில் ஏறிவிடுமே என்று சன்னாசி கலங்கிப்போயிருந்தான்.

அந்தச் சமயம் துரையே கூப்பிட்டனுப்பினார். கோலா கங்சாரில் ஒரு தோட்டத்துத் துரை, சர்க்கார் விதித்த அளவுக்கு மேல் ரப்பர் விற்கிறானாம். கூலியாகச் சேர்ந்து வேவு பார்க்க வேண்டுமாம்.

"முடிச்சிட்டு வா. இந்தத் தடவை சத்தியமா விட்டுடுறேன்."

இந்தச் சத்தியத்தைச் சன்னாசி முன்பே கேட்டிருக்கிறான். ஆனால் ஜெர்மன்காரன் வீட்டில் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியவன் அவன்.

"போறேங்க தொர. சீட்டில்லாம அங்க எவன் சேத்துக்குவான்? ஓடிவந்தவன்னு புடிச்சுக் குடுத்துருவாங்க."

"பொய்ச் சீட்டு ஒண்ணு எழுதுவோம்."

"அங்க கணக்கு எழுதுற கிராணி கண்டுபிடிச்சிருவாரு தொர. முத்திரை, கையெழுத்து எல்லாம் அசலா இருக்கணும். பொண்டாட்டி பேரும் இருந்தா சந்தேகமே வராது."

கூலிக்காரனுக்கு இவ்வளவு புத்தியா என்று துரை வியந்துபோனார். 'இவ்விருவர்மீதும் இத்தோட்டத்துக்கு இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, மை காய ஊதியும் கொடுத்தார். துரைமார் வேலையில் சுத்தம்.

ஈப்போ ஸ்டேஷனில் கோலா கங்சார் ரயில், சன்னாசியும் நல்லம்மாளும் ஏறாமலே போயிற்று.

"தொர தேட மாட்டாரா?" என்றாள் நல்லம்மாள்.

"தேடி என்னான்னு சொல்லுவாரு? பக்கத்து வெள்ளக்காரன வேவு பாக்க ஆள் அனுப்புனேன், காணோம்னா?"

ஈப்போ சாப்பாட்டுக்கடை ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. மறுமாதம் பெண் பிறந்தது. பிறப்பைப் பதிய வந்த குமாஸ்தா தலை நிமிராமலே கேட்டார்.

"எந்தத் தோட்டத்துப் பிள்ளை?"

"எந்தத் தோட்டத்துப் புள்ளையும் இல்லீங்க" என்றான் சன்னாசி. இரண்டு வருஷம் ஜெர்மன்காரனிடம் அசராமல் பொய் சொன்னவனுக்கு, ஓர் உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.