அறுபத்தொன்றாவது அட்டை

ஹஸீனா அறுபது அட்டைகளை எண்ணி அடுக்கினாலும், போட்டி மேசைக்கு வரும்போது அவை அறுபத்தொன்றாக இருந்தன. சிங்கப்பூர் ஜாலான் புசாரில், ஆணியும் பூட்டும் விற்கும் கடைக்கு மேல்மாடியில், அப்துல் அஜீஸ் நடத்தும் அட்டை விளையாட்டுக் கடையில் இது நடந்தது. அந்த விளையாட்டில் ஒரு டெக் என்றால் சரியாக அறுபது அட்டைகள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் கிடையாது.

ஹஸீனாவுக்கு முப்பத்தொரு வயது. டன்லப் ஸ்ட்ரீட் பிரியாணிக் கடையொன்றில் பொட்டலம் கட்டுகிறாள். விளையாட்டுக்கென்று அவள் ஒதுக்கியது நாற்பது வெள்ளி. ஜெயிக்கிறவர்களின் டெக் நானூறு வெள்ளிக்குக் குறையாது. நெருப்பு டிராகன் அட்டை ஒன்றே தொண்ணூறு. ஆகவே அவள் டிராகன் பக்கம் போகவில்லை. அஜீஸ் தரையில் வைத்திருக்கும் பத்துக் காசுப் பெட்டிக்கு முன்னால் மூன்று சனிக்கிழமைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாரும் தொடாத நத்தை அட்டைகளைப் பொறுக்கினாள். விலை கூடிய அட்டைகளில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, ஒரே வேலையைச் செய்யும் மலிவு அட்டைகளில் நான்கு நான்காக வாங்குவது மேல் என்று தானாகவே கண்டுகொண்டாள். அட்டைகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைகளில் பழையவற்றை ஈரத்துணியால் துடைத்துப் போட்டாள். கொஞ்சம் விலை கூடிய மற்ற அட்டைகளும் சேர்த்து முப்பத்தெட்டு வெள்ளி அறுபது காசு ஆனது. மிச்சத்தில் தோழி லீலாவுக்கு ஒரு தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். நத்தை டெக் யாரையும் வேகமாக ஜெயிக்காது. டிராகன் களைத்துப்போகும்வரை சும்மா இருக்கும். முதலில் சிரித்தவர்கள் பிறகு தோற்று எழுந்து போனார்கள்.

ஆண்டுப் போட்டியில் இரண்டு முறை இறுதி ஆட்டம்வரை வந்தாள். இரண்டு முறையும் இறுதிக்கு முன் அஜீஸ் எண்ணும்போது அறுபத்தொன்று இருந்தது, ஆடாமலே தோற்றாள். முதல் முறை கூடியிருந்தது ஒரு கல்பாலம் அட்டை, அடுத்த முறை ஒரு கிணறு அட்டை. இரண்டும் அவள் வாங்காதவை. உறைகள் ஒட்டிக்கொள்கின்றன என்றார்கள், உறைகளை மாற்றினாள். லீலா ரயிலில் கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். கடைக் கேமராவை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் அறுபதுதான் மேசைக்கு வந்தது.

"பிரியாணிக் கடையில இருபது பொட்டலம் கேட்டா நீ இருபத்தொண்ணு கட்டுறியே, அந்தக் கைதான் இது," என்றாள் லீலா.

"அது கணக்கில வராத ஆள் யாராச்சும் வந்தா கொடுக்க. முதலாளிக்குத் தெரியும். இங்க யார் வரப் போறா?"

கூடிய அட்டைகளை ஹஸீனா கைப்பையில் போட்டு மறந்துவிட்டாள். அந்த இரண்டு நாளும் காலையில், கல்பாலம் ஒன்று இல்லாமல் ஒருவரும், கிணறு ஒன்று இல்லாமல் ஒருவரும் ஆடாமலே வீடு திரும்பியதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டு மறுபடியும் இறுதிக்கு வந்தாள். ஜெயித்தால் ஒசாகா போட்டிக்கு விமானச் சீட்டு. எண்ணிக்கை தவறினால், மூன்றாவது முறை என்பதால், ஓராண்டுத் தடை. எதிரே ஈசூனிலிருந்து வந்த ரித்திக், நான்கு டிராகன்களுடன். அஜீஸ் முதலில் அவன் டெக்கை எண்ணினார். ஐம்பத்தொன்பது.

"மத்தியானம் சாப்பிடப் போன இடத்துல விழுந்திருக்கும் பாய்," என்றான் ரித்திக். பையைக் கவிழ்த்துத் தேடினான். "வெறும் ஊற்று அட்டைதான். கடையில ஒண்ணு இருக்குமா?"

"காலையிலயே எல்லாம் போயிடுச்சுலா. பத்து நிமிஷம் டைம். கிடைக்கலன்னா ஹஸீனா ஜெயிச்ச மாதிரி. அவங்க டெக்க எண்ணவே வேண்டாம்."

ஹஸீனா மேசைக்குக் கீழே தன் டெக்கை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். அறுபத்தொன்று. கடைசியில் ஒரு ஊற்று அட்டை இருந்தது. வாயைத் திறக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒசாகா. திறந்தால் தடையாகவும் இருக்கலாம். இறைவன் தனக்குக் கொடுக்கிறானா, தன் கையால் கொடுக்கச் சொல்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமலேதான் அதை எடுத்து நீட்டினாள்.

"அஜீஸ் நானா, எனக்கு இந்தத் தடவையும் ஒண்ணு கூடிடுச்சு. இவருக்குக் குறையுது."

அஜீஸ் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எண்ணுவதற்கு முன்பே கொடுத்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. பிறகு அவள் டெக்கை எண்ணினார். அறுபது.

"அக்கா, பேசாம இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க," என்றான் ரித்திக்.

"தெரியும்லா. ஆடுங்க."

ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ரித்திக் ஜெயித்தான். ஒசாகாவில் நூற்று நாற்பதாவது இடத்தில் வந்தான். திரும்பும்போது ஹஸீனாவுக்குப் புது உறைகள் வாங்கி வந்தான்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணத் தொடங்குமுன் அஜீஸ், "யாருக்கு ஒண்ணு குறையுது?" என்று கேட்கிறார். யாராவது கை தூக்குவார்கள். ஹஸீனா கடைசி அட்டையை எடுத்துக் கொடுப்பாள். அவர்களுக்கு வேண்டியது அதுவாகவே இருக்கும். அட்டைகளின் விலையைப் போலவே இதையும் யாரும் வியப்பாகப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை யாரும் கை தூக்கவில்லை. ஹஸீனா எண்ணினாள். அறுபதுதான் இருந்தது. குழம்பிப்போய் மறுபடியும் எண்ணினாள், உறைகளைப் பிரித்துப் பார்த்தாள், மேசைக்குக் கீழே குனிந்து தேடினாள்.

"எல்லாருக்கும் சரியா இருக்குலா," என்றார் அஜீஸ். "உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.