மேலே ஒரு நாளுக்குக் கீழே எத்தனை நாள்?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. நான் போடியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பேன், லேமினேஷன் போடுவேன், கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். வாசகர் வட்டத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘உலகம் முழுக்க ஏன் ஒரே பணம் இல்லை?’ இரண்டு நாளில் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

முதல் தொடக்கம்: “ஆதி காலத்தில் மனிதன் பண்டமாற்று முறையில்—”

(இங்கே எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: “போடியில் ரூபாய்க்கு ஏலம் போகும் ஏலக்காய், துபாயில் இறங்கியதும் திர்ஹாமுக்கு விலை போகிறது. காய் அதே காய்தான், ஆனால்—”

(ஆனால் என்ன? அரைமணி நேரம் யோசித்தும் தெரியவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: “ஐரோப்பாவில் இருபது நாடுகள் ஒரே காசைப் புழங்குகின்றன. அதில் ஒரு நாடு நொடித்தபோது, தன் காசின் மதிப்பைத் தானே குறைத்துச் சமாளிக்கலாமென்றால், குறைப்பதற்குத் தன் காசு என்று ஒன்று—”

இதை முடித்திருக்கலாம். ஆனால் அந்த நாட்டை நான் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். சூர்யகலாவின் ஏலத்தோட்டத்தையோ குனிந்து, வழுக்கி, முட்டி தேயப் பார்த்திருக்கிறேன். அதே கேள்விக்கு அந்தத் தோட்டத்தால் எனக்குப் பதில் கிடைத்தது. பெரிய பெரிய ஊர்க்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை எங்கள் ஜீப் ரோட்டில் இரண்டு பெண்கள் தீர்த்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது கதை முழுக்கத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

சூர்யகலா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளச் சரிவில் இரண்டு ஏக்கர் ஏலம் வைத்திருப்பவள். ரேணுகா கீழே ராசிங்காபுரத்தில் வெங்காயமும் சோளமும் போடுபவள். மேலே பதினோரு வீடு, கீழே பதினான்கு வீடு. கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத சின்னத் தோட்டக்காரர்கள். அதனால் இவர்களுக்குள் ஒரு வழக்கம்: நீ என் தோட்டத்தில் ஒரு நாள் வேலை பார், நான் உன் தோட்டத்தில் ஒரு நாள் பார்க்கிறேன்.

யார் யாருக்கு எத்தனை நாள் என்பது மறந்துபோகும் என்று சீட்டு போட்டார்கள். மேல்வீட்டுச் சீட்டு, பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக வெட்டியது. பின்பக்கம் சூர்யகலாவின் கையெழுத்து இருக்கும், முன்பக்கம் யாரோ மாப்பிள்ளையின் பாதிப் பெயர் இருக்கும்.* கீழ்வீட்டுச் சீட்டு, சோள விதை வந்த அட்டைப்பெட்டியை வெட்டியது. அதில் ரேணுகாவின் கையெழுத்து. சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால், கையெழுத்துப் போட்டவள் எப்பாடுபட்டாவது ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும்.

* ‘செல்வன் கன்னை’ வரைக்கும் உள்ள ஒரு நாள் சீட்டை நானே பார்த்திருக்கிறேன். ‘யன்’ இன்னொரு சீட்டில் இருந்தது.

மலைக்காரிகள் கீழே வருவதும் கீழே இருப்பவர்கள் மலையேறுவதும் உண்டு. அப்போதுதான் தகராறு. மேலே ஒரு நாள் என்பது கீழே ஒரு நாளுக்குச் சமமா, ஒன்றரைக்கா, இரண்டுக்கா? ஒவ்வொரு மாதமும் என் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசுவார்கள். பேச்சு முடிய மூன்று டீ ஆகும்.

3

இந்த இடத்தில் ராம்பிரசாத் என்று ஒருவன் வருகிறான். நன்றாகப் படித்தவன், மடிப்புக் கலையாத சட்டைக்காரன். டீக்கடையில் இவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறான். “எதுக்கு ரெண்டு சீட்டு? நாள்னா எல்லாருக்கும் நாள்தானே? ஒரே சீட்டா அடிச்சிருங்க. பேரம் பேசுற சோலியே இல்ல” என்கிறான். பெண்களுக்கும் அது நியாயமாகப் படுகிறது. தை மாதம் இருநூறு பொதுச் சீட்டு வழவழப்பான தாளில் அச்சாகிறது. இடது பக்கம் மலை, வலது பக்கம் வயல், நடுவே ‘எங்கும் ஒரே நாள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. கையெழுத்து கிடையாது. பொதுச் சீட்டுக்குத் தனி ஆள் கையெழுத்து எதற்கு என்று ராம்பிரசாத்—

[இவனை எனக்கே நம்ப முடியவில்லை. சட்டைக்கு மடிப்பு வைத்தேன், முகம் வைக்க மறந்துவிட்டேன். இருந்தாலும் அடுத்த பகுதிவரை இருக்கட்டும்.]

மாசியும் பங்குனியும் அருமையாகப் போயின. மலையில் அப்போது வேலை குறைவு. சூர்யகலா ஜீப்பில் இறங்கி வந்து, கொளுத்தும் வெயிலில் ராசிங்காபுரத்து வெங்காயத்தைப் பிடுங்கினாள். முப்பத்தொரு நாள் வேலை, முப்பத்தொரு பொதுச் சீட்டு. “ஆடியில எனக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல” என்று அவற்றை மஞ்சள் பையில் போட்டு வைத்தாள்.

போன கோடையின் வெயிலில் அவள் செடிகளில் பாதி கருகிப் போயிருந்தன. மிச்சம் இருந்தவை இந்த ஆடியில் காய்த்துத் தள்ளின. ஏலக்காய் காத்திருக்காது. பருவம் தப்பினால் சரத்திலேயே பழுத்து வெடித்து, எலிக்கும் அணிலுக்கும் போய்விடும். காய் பறிக்கும் அந்த ஒரு எடுப்புதான் அவளுக்கு அந்த வருடத்து வாழ்க்கை. ஐந்து பேர் மூன்று நாள் எடுத்தால் போதும். அதற்கு மேல் நாலு நாள் தள்ளினால் பாதிக் காய் தரையில்.

அவள் கேட்ட ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஜீப்பு திங்கட்கிழமை விடிகாலையில் மேலே போனது. ஓட்டுநர் தங்கபாண்டியைத் தவிர உள்ளே யாரும் இல்லை.

4

ஏன் யாரும் போகவில்லை? கெட்டவர்கள் யாரும் இல்லை. மேலே அடைமழை, குளிர், சறுக்கும் சரிவு, கால் நிறைய அட்டைப்பூச்சி. விடியுமுன் எழுந்து போனால் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். கீழே பக்கத்து வீட்டு மொக்கம்மாள் தோட்டத்தில் களையெடுத்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டுக்கும் அதே ஒரு சீட்டு. நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

சூர்யகலா அன்று பத்து மணிக்கெல்லாம் அதே ஜீப்பில் போடிக்கு இறங்கிவிட்டாள். ரேணுகாவையும் வரச் சொல்லியிருந்தாள். நனைந்த பாவாடையோடு வந்து, மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், ராம்பிரசாத்தின்—

இல்லை. என் ஜெராக்ஸ் மெஷின்மேல் கவிழ்த்தாள்.

ராம்பிரசாத் என்று யாரும் கிடையாது. டீக்கடையில் சிரித்தது நான். ஒரே சீட்டு யோசனை என்னுடையது. மலை படமும் வயல் படமும் நான் பார்த்துப் பார்த்துப் போட்டவை. ‘எங்கும் ஒரே நாள்’ என்ற வரியை எழுதிவிட்டு ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவனும் நானே. தப்பைத் தூக்கிப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அதனால் அவனை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடாமல் அப்படியே விட்டு வைக்கிறேன், எனக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான்.

5

“அண்ணே, இந்தச் சீட்டுல எங்க மழை எங்க இருக்கு?” என்றாள் சூர்யகலா.

நான் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“மலை போட்டிருக்கீக, பச்சையா நல்லாத்தான் இருக்கு. மழை இல்லையே. அட்டைப்பூச்சி இல்லையே. ராசிங்காபுரத்து நாளும் எங்க நாளும் ஒண்ணுன்னு யாரு சொன்னா? நீங்க சொன்னீக.”

“நியாயமாப் பட்டுச்சும்மா” என்றேன்.

அதற்குள் ரேணுகா வந்துவிட்டாள். “யக்கா, நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தியும் அசையல. எந்த வாயால அதட்டுவேன்? இதுல என் கையெழுத்தா இருக்கு? இவரு கடை அச்சுல்ல இருக்கு.”

“முன்ன உன் கையெழுத்து இருந்துச்சு. நான் நீட்டுனா நீ பதில் சொல்லணும். இப்ப யாருகிட்டப் போய் நான் சண்டை போட?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

ரேணுகாவின் குரல் தணிந்தது. “சரிக்கா, விடு. நான் கையக் காலப் பிடிச்சாவது அஞ்சு பேரக் கூட்டியாறேன். பாவம், மலையில கஷ்டப்படுதுன்னு சொன்னா வருவாளுக. ஒண்ணுக்கு ஒண்ணுதான், நீ கூடக் கொடுக்க வேணாம்.”

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். மனிதாபிமானம் வென்றது என்று ஒரு வரி போட்டால் வாசகர் வட்டத்தில் கைதட்டுவார்கள். சூர்யகலா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“மதி, ரேணுகா.” கோபம் வந்தால் அவள் பேச்சில் மலையாளம் ஏறிவிடும். “போதும். பாவம்னு ஒருத்தியும் என் தோட்டத்துக்கு வர வேணாம். பாவம்னு வர்றவ இந்த எடுப்புக்கு வருவா. அடுத்த எடுப்புக்கும் நான் பாவமா நிக்கணுமா? மேல மழை நாளு ஒண்ணுன்னா, கீழ ரெண்டு நாளு. ரெண்டு சீட்டு தர்றேன்.”

“யக்கா, முப்பத்தொண்ணும் பாதியாப் போயிருமே. வெயில்ல வெந்து சம்பாதிச்சது.”

“போகட்டும். என் நாளை நானே கொறைச்சுக்கிறேன். மழை விட்டா நானே கூட்டிக்குவேன். அது என் கையில இருக்கணும். அம்புட்டுத்தான்.”

வெறும் முப்பத்தொரு சீட்டு வைத்திருந்தவள் பேசிய பேச்சு இது. வாசகரே, பின்னால் வாசகர் வட்டம் கேட்ட கட்டுரைக்குப் பதில் அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. உலகத்தில் ஏன் ஒரே பணம் இல்லை என்றால், எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் மழை பெய்வதில்லை. தன் மழைக்குத் தகுந்தபடி தன் நாளை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கை வேண்டியிருக்கிறது. கெஞ்சாமல் பிழைக்க அது ஒரு வழி.

(இது முழுப் பதில் இல்லையென்று படித்தவர்கள் சொல்வார்கள். ஒரே காசால் பேரம் மிச்சம், குழப்பம் மிச்சம் என்பார்கள். உண்மைதான். எங்களுக்கும் மாதம் மூன்று டீ மிச்சமானது.)

ரேணுகா என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். “கொண்டா இங்க” என்று முப்பத்தொரு சீட்டையும் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் கையெழுத்திட்டாள். என் அழகான மலை, வயல் படமெல்லாம் குப்புறக் கிடந்தன. “இப்ப இதுக்கு நான் பதில். ரெண்டு சீட்டுன்னா ஆளு தன்னால வரும். முப்பதுக்குப் பதினஞ்சு நாளு. அஞ்சு பேரு, மூணு நாளு. நாளைக்கு வெரசா ஜீப்ப அனுப்பச் சொல்லு.”

“மிச்சம் ஒண்ணு இருக்கே?” என்றேன், சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“ஒரு சீட்டுக்கு மேல அரை ஆளுதான் வரும்” என்றாள் ரேணுகா.

சூர்யகலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அரை ஆளு இங்கயே இருக்கே.”

6

மறுநாள் ஜீப்பில் ஐந்து பெண்களும் அரை ஆளும் போனோம்.

நான் ஏலத்தோட்டத்து வர்ணனை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். குனிந்தவனுக்கு வர்ணனை தோன்றாது. காய் செடியின் அடியில் தரையோடு சரமாகக் கிடக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். எது பருவத்துக் காய், எது பிஞ்சு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். என் விரலுக்குத் தெரியவில்லை. மதியம் சூர்யகலா என் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, “அண்ணே, பாதி பிஞ்சு. இதையும் அச்சடிச்சீகளோ?” என்றாள். ஐந்து பேரும் சிரித்தார்கள். மழையில் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

ஆனாலும் முப்பத்தோராவது சீட்டை என் கையில் கொடுத்தாள். பிஞ்சுக்காக எதையும் குறைக்கவில்லை. “பேசுனா பேசுனதுதான்” என்றாள். தை மாதம் நான் அச்சடித்தபோது அது வெறும் தாள். ரேணுகாவின் கையெழுத்தும் என் இடுப்பு வலியும் ஏறிய பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது.

மூன்றாம் நாள் பொழுது சாயுமுன் எடுப்பு முடிந்தது. ஒரு சரம்கூட விட்டுப்போகவில்லை. பச்சைக்காய் மூட்டைகளை ஸ்டோரில் உலர வைக்க ஜீப்பில் ஏற்றியபோது, சூர்யகலா தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள். அந்த மலையே அவளுக்குச் சொந்தம் என்பதுபோல நின்றாள்.

7

இனி முடிவு. அடுத்த வெங்காயத்துக்கு மலைக்காரிகள் கீழே வர வேண்டும். பொதுச் சீட்டு ஒழிந்தது. மறுபடி கல்யாணப் பத்திரிகையும் விதைப்பெட்டியும்தான். புது விகிதம் பேச வரும் வெள்ளிக்கிழமை டீக்கடையில் உட்காருகிறார்கள். நான் மூன்று முடிவு எழுதி வைத்தேன்.

அ) மழைக்கு இரண்டு கொடுத்தேனே, வெயிலுக்கு நீ இரண்டு கொடு என்று சூர்யகலா கேட்க, ரேணுகா ஒப்புக்கொள்கிறாள்.

ஆ) ஒன்றரையில் சமாதானம் ஆகிறது.

இ) பேச்சு முறிகிறது, வெங்காயம் மண்ணிலேயே—

ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த சூர்யகலா இதை மேசைமேல் பார்த்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு என் பேனாவாலேயே மூன்றையும் அடித்தாள்.

“ஏம்மா, கதைதானே?” என்றேன்.

“கதையோ கட்டுரையோ, எங்க நாளுக்கு நீங்க வெல போடாதீக. ஒரு தடவை போட்டுப் பாத்தாச்சுல்ல?”

அதனால் போடவில்லை. என் கடையில் அச்சாகாத ஒரே வரியைக் கீழே காலியாக விட்டிருக்கிறேன். நிரப்ப ஆசை இருந்தால் நிரப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் மாசி வெயிலில் ராசிங்காபுரத்திலும், ஆடி மழையில் மேலேயும் இடத்துக்கொரு நாள் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். விடிகாலை ஜீப்பில் இடம் இருக்கும். அரை ஆளாக வந்தாலும் ஏற்றிக்கொள்வார்கள், என்னை ஏற்றிக்கொண்டார்களே.

கீழே வெயிலில் ஒரு நாள் = மேலே ________ நாள்.

கையெழுத்து: ________