நான்காம் தடத்துப் பூட்டு

வெர்லினின் பூட்டைத் திறந்தது நான்தான். எங்கள் ஊர் ஹார்லோவில் இன்னும் சிலர் அதை மேலாளர் கிரெய்ட்டனின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் கணக்கில் ஆயிரம் பாவம் உண்டு. இது மட்டும் என்னுடையது.

எங்கள் பட்டறையில் சரக்கு ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்போம். நூற்று எண்பது பேர். பிப்ரவரியில் கம்பெனி ஒரே ஒரு பக்கக் கடிதத்தில் பட்டறையை மூடப்போவதாகச் சொன்னது. அந்த வருடம் நல்ல லாபம் என்பதையும் அதே கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்யலாம் என்றால் அதற்கு முன்பே நீதிமன்றத்தில் தடை வாங்கி வைத்துவிட்டார்கள். கையைக் கட்டிப்போட்டு அடிப்பது அவர்களுக்குப் பழக்கம்.

எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த லேத் ஒன்றுதான். சக்கரம் கடைகிற லேத், ஒரு வீடு அளவுக்கு இருக்கும். அது இருந்தால் பட்டறையை மறுபடி திறக்கச் சொல்லி வழக்காடலாம். போய்விட்டால் பட்டறை வெறும் தகரக் கொட்டகை. அந்த லேத்தைக் கழற்றி ஐந்து சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி, டெக்சாஸுக்கு அனுப்ப நான்காம் தடத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் நாங்கள் அடியில் புகுந்து பிரேக்கைச் சோதிக்காமல் எந்த வண்டியும் கிளம்பக் கூடாது. அது நாட்டுச் சட்டம்.

சங்கக் கூடத்தில் வெர்லின் எழுந்து நின்றார். அவர்தான் எங்கள் சங்கத் தலைவர். இருபத்திரண்டு வருடமாக வேலையில் எனக்கு ஜோடி.

"வேலை செய்ய மாட்டோம்னாதானே கோர்ட்டு நம்மளத் திட்டும்? செய்வோம்யா. நல்லா செய்வோம். ஒரு பிரேக் கட்டையக்கூட விடாம, பொண்ணு பாக்குற மாதிரி பாத்துப் பாத்து செய்வோம்."

"எத்தன நாளைக்குய்யா பாப்ப?" என்று கேட்டேன்.

"பிடிக்கிற வரைக்கும்தான். நம்ம வக்கீல் லிங்கன் கோர்ட்டுல மனு போட்டிருக்காரு. ஜட்ஜ் கூப்பிடுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்போம்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மறுநாள் காலை முப்பத்தோரு பேர் நான்காம் தடத்துக்குப் போனோம்.

வண்டிக்கு அடியில் ஆள் போகும்போது தடத்தின் முனையில் நீலக் கொடி நட்டு, ஒவ்வொருவரும் பெயர் எழுதிய தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சோதனை முடியும்வரை அது ராத்திரியும் அங்கேயே தொங்கும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் வண்டி நகரும். அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்கலாம். மேலாளர் வெட்டினால் அரசாங்க ஆய்வாளர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஹார்லோவில் இதற்கு மேல் இன்னொரு வழக்கமும் உண்டு. "வெளிய வந்துட்டியா?" என்று ஜோடியிடம் கேட்டு, "வந்துட்டேன்" என்ற பதிலைக் காதால் கேட்டு, முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம் பூட்டைத் தொடுவோம். இதை ஆரம்பித்து வைத்தவர் வெர்லின். அவருடைய தம்பி அடியில் இருந்தபோது, அவசரக்கார மேஸ்திரி ஒருவன் தம்பியின் பூட்டைத் திறந்து வண்டியை நகர்த்திவிட்டான். முகத்தைக் காட்ட முடியாமல், மூடிய சவப்பெட்டியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரிய தப்பும் நடந்துகொண்டிருந்தது. மாற்றுச் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். யாரும் ஒப்படைக்க மாட்டோம், ஜோடியிடம் கொடுத்து வைப்போம். வெர்லின் மாதம் ஒரு தடவை சாவியைத் தொலைப்பார். "ஒன் தலையத் தொலைக்காம வர்றியே, அதுவே பெரிசு" என்று திட்டிக்கொண்டே நான் எடுத்துக் கொடுப்பேன். என் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் அவர் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறு நாள் சோதித்தோம். ஒரு பிரேக் கட்டையை ஒரு மணி நேரம் பார்த்தோம். வீட்டுப் பெண்கள் அண்டா அண்டாவாகச் சில்லிக் குழம்பும், தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் கொண்டுவந்தார்கள். அரசாங்க ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். என் வாழ்நாளில் அந்த ஆறு நாளைப் போல நான் தலைநிமிர்ந்து நடந்ததில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து பூட்டுகள் குறைய ஆரம்பித்தன. காலையில் வந்து பார்த்தால் நாலு காணோம். மத்தியானம் இன்னும் ஆறு. ஆபீசில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏதோ ஆசை காட்டுகிறார்கள் என்று தெரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழாம் நாள் காலை இரண்டே பூட்டு மிஞ்சியது. ஒன்று என்னுடையது, ஒன்று வெர்லினுடையது. அன்றுதான் நீதிபதி மனுவை எடுத்திருந்தார். வெர்லின் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு, பொத்தான் போடவே முடியவில்லை.

"மூச்ச விட்டுடாத, பொத்தான் பறந்து ஜட்ஜ் கண்ணுல பட்டுடும்" என்றேன்.

"நீ இங்க இருக்கிற தைரியத்துலதான் போறேன் ரோஸ்லின்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பதினொரு மணிக்கு கிரெய்ட்டன் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பட்டியல். டெக்சாஸில் வேலை உறுதியான பதினொரு பேர். பதினோராவது பெயர் என்னுடையது.

"உங்க வீட்டுக்காரருக்கு மாசாமாசம் ஊசி போடணும்ல? கம்பெனி மருத்துவ அட்டை அப்படியே தொடரும்மா. பன்னிரண்டு மணிக்குள்ள தடம் காலியாகணும், அவ்வளவுதான்."

"என் பூட்ட நான் எடுத்தாலும் இன்னொண்ணு இருக்கே சார்."

அவர் என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார். ஹார்லோவில் யார் சாவி யாரிடம் என்பது ஆபீசுக்கும் தெரிந்துதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் டுவேனுக்கு நரம்பு நோய். அந்த ஊசி இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவரால் கரண்டியைப் பிடிக்க முடியாது. இதைச் சொன்னால் எல்லோரும் "பாவம், வேற வழியில்ல" என்கிறார்கள். வழி இருந்தது. பன்னிரண்டு மணிவரை சும்மா நின்றிருந்தால் போதும். ஏன் பன்னிரண்டு என்று ஒரு தடவை யோசித்திருந்தாலும் போதும். நீதிபதி கையெழுத்துப் போடுவதற்குள் வண்டி போயாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயம் பிடித்தவளுக்கு யோசனை எங்கே வரும்?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் பூட்டை எடுத்தேன். பிறகு வெர்லினுடையதை. பழைய பூட்டு, கொஞ்சம் இடது பக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அந்தப் பழக்கம் என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு லேத் கிளம்பியது.

பன்னிரண்டு நாற்பதுக்கு போன் அடித்தது.

"ஏய் ரோஸ்லின்! ஜெயிச்சுட்டோம்டி!" வெர்லின் என்னை ஒரு நாளும் 'டி' போட்டதில்லை. பின்னால் வக்கீல் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இந்த நிமிஷத்துல பட்டறையில என்ன இருக்கோ அது அப்படியே இருக்கணும்னு உத்தரவு. கையெழுத்து ஆயிடுச்சு! ஒரு ஆணியக்கூட அசைக்க முடியாது. கேக்குதா?"

"கேக்குது."

"என்ன, அழுறியா? அழு, நல்லா அழு! நானும் அழுதேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் இரண்டு மணி நேரம் அந்தச் சந்தோஷத்தோடு கார் ஓட்டி வந்தார். வழியில் எல்லோருக்கும் ஒரு பெட்டி கொலாச்சே பன் வாங்கிக்கொண்டு வந்தார்.

நான்காம் தடம் காலியாக இருந்தது. கொடிக்கம்பத்துக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன். வெர்லின் தடத்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். என் மடியில் கிடந்த இரண்டு பூட்டுகளைப் பார்த்தார். பன் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"டுவேனுக்காகவா?"

தலையாட்டினேன்.

தினமும் சாயங்காலம் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"நான் வெளிய வந்துட்டேனான்னு பாத்தியா?"

"நீ லிங்கன்ல இருந்தியே வெர்லின்..."

"நம்ம நூத்தெண்பது பேரும் அடியில இருந்தாங்கம்மா."

கோட்டுப் பையிலிருந்து தன் சாவியை எடுத்தார். இந்தத் தடவை அதைத் தொலைக்காமல் வைத்திருந்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்."

டெக்சாஸில் அந்த லேத்துக்கு நாற்பதடி தள்ளித்தான் எனக்கு வேலை. டுவேன் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். இங்கே என் ஜோடி சின்னப் பெண், நல்லவள். முதல் வாரமே தன் மாற்றுச் சாவியை நீட்டினாள். ஆபீசில் கொடுத்துவிடு என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள். சாயங்காலமானால் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வெளிய வந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள். நான்தான் அவளுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். வெளியேதான் நிற்கிறேன். பதில் சொல்லத்தான் நேரமாகிறது.