பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு மூலை அறை

...படி பதினேழு, இவளுடைய முழங்காலுக்கு அது கூடுதல்தான், ஆனாலும் நடுவில் ஒரே ஒரு தடவை கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு ஏறி வந்துவிட்டாள், இனி நாளைக் காலை இறங்குவதுதானே, இறங்குவதற்கு முழங்கால் வேண்டாமா என்றால் வேண்டும்தான், ஆனால் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் நுவரெலியாவில் எந்த அறையும் சரிவராது என்று பொன்னையா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெண்சாதி ராக்காயி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து துணி மூட்டையை மடியில் வைத்திருந்தாள், கீழே வைக்கவில்லை, அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லையே. லொட்ஜ் மேனேஜர் சிறில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க, நாலு மணி பஸ்ஸுல ஆள் வந்தா இந்த ரூமைத்தான் கேப்பாங்க" என்று சொல்லிக் கீழே போயிருந்தான். அப்படியென்றால் நாலு மணிக்குள் முடிவு செய்ய வேண்டும். வாடகை பரவாயில்லை. கீழேயே சாப்பாட்டுக் கடை, சுடுதண்ணீர் ஒரு வாளி தருவார்களாம், கம்பளி இரண்டு, ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பஸ் நிலையம், கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்துகிறார்கள், ஹட்டன் ஹட்டன், கண்டி கண்டி... மூடினால் அவ்வளவாகக் கேட்கவில்லை. கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, பத்து நிமிட நடை, இவளோடு நடந்தால் இருபது. பிரஜாவுரிமை விசாரணைக்கு ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள், கூப்பிடும்போது இல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்களாம், அதை நினைத்துத்தான் லிந்துலையிலிருந்து இன்றைக்கே வந்தது, காலை முதல் பஸ்ஸை நம்பி யார் வருவது, பனி இறங்கினால் அது பாதி வழியில் நின்றுவிடும். டவுனில் வேலை பார்க்கும் மச்சினன் ஆண்டியப்பன் வீட்டில் படுத்திருக்கலாம், போன மாதமே வரச் சொன்னான், ஆனால் ஒரே அறைக் காம்பராவில் அவனுடைய பிள்ளைகள் ஆறு பேர், அங்கே எப்படி வாயைத் திறந்து பேசுவது?

பேசத்தான் அறை. அதை மேனேஜரிடம் சொல்ல முடியுமா... பொன்னையா சுவரைத் தட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் கருங்கல், வெளிச்சுவர், அதற்கு அப்பால் காற்றுதான். மறுபக்கம் பலகை. காதை வைத்துக் கேட்டான், ஒரு சத்தமும் இல்லை, வெளியே வந்து எட்டிப் பார்த்தால் கடைக்காரனுடைய அரிசி மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அரிசி மூட்டை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது? தோட்டத்து லயத்து வீடுகளில் அப்படியில்லை, நடுச்சுவர் கூரையைத் தொடாது, இந்த வீட்டுத் தும்மலுக்கு மூன்றாம் வீட்டிலிருந்து நூறு வயது என்று வாழ்த்து வரும், அங்கே வைத்து இந்தக் கணக்கை இவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பதினான்கு மாதத்தைப் பதினொரு மாதமாக்கும் கணக்கு. முப்பத்தேழாம் வருடம் இவள் தகப்பனுக்குச் சுகமில்லை என்று இந்தியாவுக்கு, துறையூர்ப் பக்கம் போனது பங்குனியில், திரும்பி வந்தது அடுத்த வருடம் வைகாசியில். சேர்ந்தாற்போல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிரஜாவுரிமை இல்லை என்று தொழிற்சங்கத்து ஆட்கள் சொல்லியிருந்தார்கள், அதனால் பெட்டிசம் எழுதுகிறவர் மனுவில் மாசியில் வந்ததாகவே எழுதிவிட்டார். இவளைப் பார்த்து எழுதவில்லை, அவனைப் பார்த்துத்தான் எழுதினார். இங்கேயே பிறந்த மூன்று பிள்ளைகளும் அந்த ஒரு மனுவில்தான் தொங்குகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து முத்துலிங்கத்தையும் அவன் பெண்சாதியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களாம், அவன் ஆடி என்றான், அவள் ஐப்பசி என்றாள், அவ்வளவுதான், மனு தள்ளுபடி என்று கையெழுத்தும் சிவப்பு மையுமாக ஒரு காகிதம் வந்தது... அந்தக் காகிதத்தை இன்னும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், யாரைக் கண்டாலும் எடுத்து விரிக்கிறான்.

கதவைச் சாத்தினான். நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தபோது தானே விசாரிக்கிற ஒரு துரை போலத் தோன்றியது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. "இந்தா, நான்தான் தொரைன்னு நெனச்சுக்க. ஊருக்கு எப்பப் போன?"

"பங்குனியில."

"எதுக்கு?"

"அப்பாவுக்குச் சொகமில்லாம."

"எப்பத் திரும்புன?"

"வை... மாசி. மாசியில."

அந்த இடத்தில்தான் தடுமாறுகிறாள், மூன்று தடவை சொல்ல வைத்தால் சரியாகிவிடும், அறை நல்ல அறைதான், எடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம் மனம் ஓடிக்கொண்டிருக்க, முத்துலிங்கம் சொன்ன இன்னொரு கேள்வி நினைவுக்கு வந்தது, அதையும் கேட்டு வைப்போம் என்று கேட்டான். "ஊருக்குப் போனப்ப, இங்கதான் திரும்பி வந்து நெரந்தரமா இருக்கணும்னு நெனச்சியா?"

அவள் மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "அதுக்கு என்ன சொல்லணும்?"

"ஆமான்னு சொல்லணும். வேற என்ன?"

"சரி, சொல்றேன்." பிறகு, யாரோ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "ஆனா நான் வரக்கூடாதுன்னுதாங்க போனேன்" என்றாள்.

வரக்கூடாது என்றா? எங்கே வரக்கூடாது, யார் வரக்கூடாது... "அப்பாவுக்குச் சொகமில்லன்னு தானே போன?"

"அதும் நெசந்தான். அவுகளுக்கும் சொகமில்ல. அந்தப் பிள்ளைய மண்ணுல வெச்ச மறுநாளு நீங்க பெரட்டுக்குப் போயிட்டீங்க. வந்து சோத்தப் போடுன்னு சொன்னீங்க. அப்ப நெனச்சேன்." குரலில் கோபம் இல்லை.

போகாமல் என்ன செய்வது, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நிற்காதவனைக் கங்காணி சும்மா விடுவானா, அன்றைக்கு மழை, மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து குவிந்து கிடந்தது, அவனும்தான் அழுதான், கொழுந்து அரைக்கிற ரோலர் சத்தத்தில் அழுதால் யாருக்குத் தெரியும்... அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தோம்? பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டதா? இல்லை, வைத்தோம், நாகலெட்சுமி. அதை இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா?

"அப்பறம் ஏன் வந்த?"

"அண்ணன் பொண்டாட்டி இனிமே வெச்சிருக்க முடியாதுன்னிருச்சு."

"என் காயிதம்..."

"என்ன காயிதம்?"

கணக்கப்பிள்ளை காலில் விழாத குறையாகக் கெஞ்சி எழுதி வாங்கியது, இரண்டு பக்கம், அதைப் பார்த்துத்தான் ராக்காயி கப்பல் ஏறினாள் என்று அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான், போன மாதம் முத்துலிங்கத்திடம்கூட... "காயிதம் போட்டேனே. வரலயா?"

"வந்திருக்கும். எனக்கு யாரும் படிச்சுக் காட்டல." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன எழுதியிருந்தீங்க?"

என்ன எழுதினோம்? வா என்று எழுதினோம். அது தவிர இரண்டு பக்கம் முழுக்க என்ன இருந்தது என்று யோசித்தான், கணக்கப்பிள்ளையின் பேனா ஓடியது ஞாபகம் இருக்கிறது, மேசையில் கிடந்த மூக்குப்பொடி டப்பா ஞாபகம் இருக்கிறது, சொற்கள் மட்டும் ஒன்றும் வரவில்லை. "அதெல்லாம் இப்ப எங்க நெனவு" என்றான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் வந்தது. சிறில் கதவுக்கு வெளியே நின்று, "என்னங்க, ரூம் புடிச்சிருக்கா? கீழ ஒருத்தர் நிக்கிறாரு" என்றான். பொன்னையா எழுந்து கதவைத் திறந்து, புடிச்சிருக்கு, எடுத்துக்கிறோம், என்றான், வேறென்ன சொல்வது, அறையில் ஒரு குறையும் இல்லை. ராக்காயி மூட்டையை அவிழ்த்து நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் விரித்தாள், மடிப்புக் கலைய வேண்டுமாம். அவளிடம் ஒன்று கேட்க வாயெடுத்தான், இப்போது என்ன நினைக்கிறாய், இங்கேதான் இருக்க வேண்டும் என்று இருக்கிறதா உனக்கு... ஆனால் வாயிலிருந்து வந்தது, "டீ சொல்லிட்டு வரவா?" என்பதுதான். "சொல்லுங்க" என்றாள்.

படியில் இறங்கும்போதுதான் தோன்றியது. கட்டிக்கொண்டு வந்த இருபத்தொரு வருடத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நாளைக்குத்தான் முதன்முதலாக யாரோ ஒரு துரை கேட்கப் போகிறார், அவள் ஆமாம் என்றுதான் சொல்வாள், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிடுவாள், அதில் சந்தேகமில்லை... ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவாளா, நிறுத்தாமல் சொல்வாளா என்பது, அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போகும் அவனுக்குத் தெரியாது.