பின்னங்கால் தெரியாத ஈ

"சீரகம் போட்ட சீஸா, சாதாரணமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன்.

"சீரகம் வேணாம். போன வாரம் பல்லுல சிக்கி உயிரை வாங்கிடுச்சு," என்றான் என் கணவன் ரூலோஃப், வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி.

"அறுபத்தெட்டு வயசுல சிக்கறதுக்குப் பல்லு இருக்கேன்னு சந்தோஷப்படு."

"பொறாமை பிடிச்சவளே," என்று சிரித்துவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான். மதியம் ஒன்றரை மணிக்கு, நாயோடு நடக்க வந்த ஒரு பெண் அவனைக் காட்டுப் பாதையோரத்தில் கண்டாள். இதயம் நின்றிருந்தது. கேமரா கழுத்திலேயே இருந்தது.

அடக்கம் முடிந்து, காப்பியும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் கொடுத்து எல்லோரையும் அனுப்பி ஒரு வாரம் கழித்துதான் கேமராவைத் திறந்தேன். அன்றைய படம் ஒன்றே ஒன்று. முட்செடியின் இலைமேல் ஓர் ஈ. கறுத்த உடல், வால் நுனியில் பொன்னிற மயிர்.

ஊரார் இணையதளத்தில் ஏற்றும் ஈ படங்களைப் பார்த்துப் பெயரை உறுதிசெய்வது பதினாறு வருடங்களாக ரூலோஃப் செய்துவந்த சம்பளமில்லாத வேலை. அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். இந்தப் பொன்வால் ஈயில் இரண்டு இனங்கள். பின்னங்காலில் கறுப்பு வளையம் இருந்தால் எங்கும் பறப்பது. கால் முழுக்க மஞ்சளாக இருந்தால் அரியது. எங்கள் வட்டாரத்தில் யாரும் பதிவுசெய்ததில்லை. அதைத் தேடித்தான் மூன்று கோடைகளாக அந்தக் காட்டுக்குப் போனான். படம் அனுப்புகிறவர்களோ மேலிருந்து எடுத்து, அழகான முதுகைக் காட்டி, காலை விட்டுவிடுவார்கள். 'கால் தெரியவில்லை. பெயர் இல்லை' என்று எழுதுவான். நண்பன் லுபெர்ட்டுக்கும் அதையே எழுதினான். லுபெர்ட் நான்கு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது அந்த வேலை லுபெர்ட்டிடம் போயிருந்தது. நான் படத்தை ஏற்றிவிட்டு அவனை அழைத்தேன்.

"அவனோட கடைசிப் படம், லுபெர்ட். பேர் இல்லாம விட்டுடாத."

"பாக்கறேன்," என்றான்.

மறுநாள் காலை, படத்தின் கீழ் அரிய இனத்தின் பெயர், உறுதியானது என்பதற்கான பச்சைக் குறியோடு இருந்தது. மதியத்துக்குள் பதினொரு பேர் வாழ்த்தியிருந்தார்கள். 'எப்பேர்ப்பட்ட விடைபெறல்' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றரை நாள் சந்தோஷமாக இருந்தேன். அந்த மஞ்சள் காலை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் படத்தைப் பெரிதாக்கினேன்.

கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே இலையின் விளிம்பு மறைத்திருந்தது. இலை நகர்ந்து வழிவிடும் என்பதுபோல் படத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.

"மஞ்சள் காலை எங்க பார்த்த?" என்று லுபெர்ட்டை அழைத்துக் கேட்டேன்.

"யான்டீன், அவன் வேற எதைத் தேடி அங்க போனான்? அதைத்தான் எடுத்திருப்பான்."

"அதைத் தேடிப் போனவன் மூணு வருஷமா மத்ததைத்தான் எடுத்துட்டு வந்தான்."

"செத்தவனுக்கு ஒரு ஈ குடுத்தா யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு? நீதானே கேட்ட?"

"நான்தான் கேட்டேன். கேட்டது தப்பு. பேரை எடுத்துடு."

"அந்தப் பிடிவாதக் கழுதை எனக்கு எழுதினதையே நான் அவனுக்குத் திருப்பி எழுதணுமா? பழி வாங்கறேன்னு நினைக்க மாட்டாங்களா?"

"உன்னோட படத்துல கால் தெரிஞ்சுதா, லுபெர்ட்?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"இல்ல," என்றான். "கொஞ்சங்கூடத் தெரியல."

அன்று மாலைக்குள் பச்சைக் குறி போய்விட்டது. வாழ்த்தியவர்களில் இருவர் தங்கள் வாழ்த்தை அழித்துக்கொண்டார்கள். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. நானே கெஞ்சி வாங்கிய பெயரை நானே பிடுங்கிவிட்டேன். ஈ நகர்வதற்கு முன், ரூலோஃப் கேமராவை உயர்த்துவதற்கு முன், காலைத் தன் கண்ணால் பார்த்தும் இருக்கலாம். அதைச் சொல்ல ஆள் இல்லை.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது 'பொன்வால் ஈ, இனம் தெரியவில்லை' என்றிருக்கிறது. அதன் கீழுள்ள வரிகளில் யாரும் கைவைக்கவில்லை. பார்த்தவர்: ரூலோஃப். ஜூன் பன்னிரண்டு, காலை 11:42. எண்ணிக்கை: ஒன்று.