விசையில் கட்டிய கம்பி

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வேனிலிருந்து ரப்பர் குழாயை இறக்கும்போதே பெரியக்காவின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பனிக்காலத்தில் அந்தக் குழாய் வளைந்து கொடுக்காது. மூக்கணாங்கயிறு போட்ட மாட்டை இழுப்பதுபோல் இழுத்துத்தான் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். மாடி வீடு. வடக்குச் சுவரில் ஜன்னல் விளிம்புவரை பாசி ஏறியிருந்தது. தண்ணீர் பீய்ச்சும் மெஷினின் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது உறுமிக்கொண்டு எழுந்தது. நீளமான துப்பாக்கிக் குழலிலிருந்து தண்ணீர் கத்திபோலப் பாய்ந்து சுவரைச் சுரண்ட, பச்சைச் சேறு முகத்தில் தெறித்தது.

'வருஷம் முழுக்க உங்கள் வீடு புதுசு' என்று வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. சந்தா கட்டிய வீட்டுக்கு வருடத்தில் நான்கு தடவை போக வேண்டும். மழை விட்டதும் பாசி, பனியில் பூஞ்சை, வெயிலில் புழுதியும் சிலந்திக் கூடும், காற்றடிக்கும் மாதங்களில் கூரை விளிம்பில் அடைத்த சருகு. வீட்டுக்குத்தான் நான்கு பருவம். கழுவுகிறவர்களுக்கு ஒரே பருவம், ஈரம்.

அந்த வேனில் மூன்று பேர். குழுவுக்குப் பொறுப்பு பெரியக்கா. சோப்பு மருந்து கலக்குகிறவர் மருந்துக்காரர். அந்த மருந்தின் நெடி ஏறி ஏறி இருமல் வந்துவிட்டதால் அதிகம் பேசமாட்டார். ஏணியில் ஏறுகிறவன் நெட்டையன், பெரியக்காவின் தங்கச்சி புருஷன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

இரண்டு மாதம் முன்புவரை நாலாவதாக ஒருவர் இருந்தார். ஏணியைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. "ஏணிக்கு எதுக்குத் தனி ஆளு? அதுதான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே முதலாளி அவரை நிறுத்திவிட்டார். ஆள் குறைந்தது, வீடு கூடியது. ஒரு நாளைக்கு ஐந்து வீடு என்றிருந்தது ஏழானது.

ஏழு வீடு முடிய மாட்டேன் என்றது. துப்பாக்கியின் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். குளிரில் விரல் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் உதறி, வாயால் ஊதிச் சூடேற்றிவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். போன வாரம் வேன் நிறுத்தும் ஷெட்டில் எல்லோரையும் நிற்கவைத்து முதலாளி சொன்னார்: "விட்டு விட்டு அமுக்குறதுலயே பாதி நேரம் போகுது. கம்பியப் போட்டு இறுக்கிக் கட்டிடுங்க."

கை நழுவினால் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விசையை அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பெரியக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. குறடை எடுத்து, மெல்லிய இரும்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, தானே முறுக்கினாள்.

இன்றைக்கு நெட்டையன் மாடி ஜன்னலுக்கு மேலே எட்டிப் பிடித்தான். கீழே சோப்புத் தண்ணீரில் ஏணிக்கால் அரையடி வழுக்கியது. விழாமலிருக்க ஜன்னல் கம்பியைத் தாவிப் பிடித்தவன் துப்பாக்கியை விட்டுவிட்டான். தண்ணீர் நிற்கவில்லை. ஏணிப்படியில் மாட்டிக்கொண்ட துப்பாக்கி இங்குமங்கும் துள்ள, தண்ணீர் வீச்சு அவன் இடது உள்ளங்கையைக் குத்திக் கடந்து போனது. பெரியக்கா ஓடிப்போய் மெஷினை அணைத்தாள்.

இறங்கி வந்து கையை விரித்துக் காட்டினான். கடுகளவு ஓட்டை. ரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை.

"இதுக்குப் போயி இந்த ஓட்டம் ஓடி வர்றீங்களே அக்கா. ஊசி குத்தினாப்புலதான் இருக்கு."

முதலாளிக்குப் போன் போட்டாள். "ஒரு பிளாஸ்டர ஒட்டிட்டு வேலைய முடிங்கம்மா. இன்னும் ஆறு வீடு கிடக்கு" என்றார்.

இரண்டாவது வீட்டின் பாதியில் அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. கை மணிக்கட்டுவரை வீங்கி, நீலம் பாரித்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை. பெரியக்கா யாரையும் கேட்கவில்லை. மெஷினை அப்படியே போட்டுவிட்டு அவனை வேனில் ஏற்றினாள்.

டாக்டர் பார்த்ததும் முகம் மாறினார். "ஓட்டை சின்னதுதாம்மா. ஆனா தண்ணியும் சோப்பு மருந்தும் தோலுக்கு அடியில நரம்போட போயிருக்கு. இப்பவே கிழிச்சுக் கழுவணும். சாயங்காலம் வந்திருந்தீங்கன்னா கையையே எடுக்க வேண்டியிருக்கும். இப்பவும் ஒரு விரலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

தங்கச்சி ஓடி வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள். "கைய விட்டா தண்ணி நிக்கும்னு அவரு சொல்லியிருக்காரே. ஏன் நிக்கல?"

"கம்பியால கட்டியிருந்தது."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

தங்கச்சி எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஷெட்டில் மூன்று வேன் ஆட்களும், மொத்தம் எட்டுப் பேர், நின்றிருந்தார்கள். முதலாளி கையில் தட்டச்சு செய்த காகிதம்.

"விபத்து அறிக்கை. படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடும்மா."

படித்தாள். தொழிலாளி யாரையும் கேட்காமல், தன் இஷ்டத்துக்கு விசையைக் கட்டிக்கொண்டார் என்று எழுதியிருந்தது.

"இதுல உன் பேரே வரல, பாத்தியா?" குரலைத் தாழ்த்தினார். "உன்னைக் காப்பாத்தத்தான் இப்படி எழுதினேன். இல்லேன்னா கட்டினது யாருன்னு கேள்வி வரும். கட்டினது உன் கைதானே?"

பெரியக்கா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. குறடு பிடித்தது அவள் கைதான். ஆனால் இந்தக் கையெழுத்தைப் போட்டால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவன் தலையில் பழியையும் தூக்கி வைத்தது ஆகும்.

"கை என்னோடதுதான் சார். வாய் உங்களோடது. நான் கட்டினேன்னு எழுதுங்க. நீங்க சொல்லித்தான் கட்டினேன்னும் எழுதுங்க."

"நான் எப்பம்மா சொன்னேன்? யாராவது கேட்டீங்களா?"

இரண்டாம் வேன் டிரைவர் மீசைக்காரர் தன் வேனுக்குப் போனார். துப்பாக்கியை எடுத்து வந்து முதலாளியின் காலடியில் வைத்தார். அதன் விசையிலும் மூன்று சுற்றுக் கம்பி.

"அப்ப இதை நான் என் இஷ்டத்துக்கா கட்டினேன் சார்?"

மூன்றாம் வேன்காரியும் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டாள்.

முதலாளியின் முகம் சிவந்தது. "ஆளுக்கா பஞ்சம்? நாளைக்குக் காலையில இந்த ஷெட்டு நிறைய ஆள் நிக்கும்!"

"நிக்கட்டும் சார்." பேசியது மருந்துக்காரர். இருமல் அடங்கக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். "வர்றவனுக்கும் ரெண்டு கைதானே? வாசல்லயே நின்னு, நடந்ததைச் சொல்லித்தான் உள்ள அனுப்புவோம்."

முதலாளியின் போன் அடித்தது. ஏதோ ஒரு வீட்டிலிருந்து, ஏன் இன்னும் ஆள் வரவில்லை என்று கேட்டார்கள். அவர் பேசிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் பெரியக்கா நடந்ததை நடந்தபடி எழுதினாள். அடியில், விசையில் கம்பி கூடாது, ஏணிக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து வீடுதான் என்று எழுதி முதல் கையெழுத்தைப் போட்டாள். மூன்றாம் வேன்காரி பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். "எனக்கு வேலை போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாதுக்கா" என்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் போட்டாள், எழுத்து கோணலாக.

எட்டாவது கையெழுத்து காயும்போது தங்கச்சி ஷெட் வாசலில் நின்றிருந்தாள். நேற்றைய புடவை, தூங்காத கண்.

"நாலு விரல் அசையுது. அஞ்சாவது அசையல" என்றாள் பொதுவாக. பிறகு காகிதத்தை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள்.

"கட்டினது நீதான்னு எழுதியிருக்கியே."

"ஆமா."

"இதனால உன் மேல இருக்கிற கோபம் போயிடும்னு நெனைக்காதே."

"நெனைக்கலடி."

"பேனாவைக் குடு."

வேன் சாவிகள் ஆணியிலேயே தொங்கின. தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தே கிளம்பினார்கள், ஒன்பது பேர். பத்து மணிக்குத்தான் கதவு திறப்பார்கள். திறந்தாலும் உள்ளே யார் காது கொடுப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சி முதலில் எல்லோருக்கும் பின்னால், தனியாகத்தான் வந்தாள். பெரிய சாலையைக் கடக்கும்போது வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. அப்போது பக்கத்தில் வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். கடந்த பிறகும் விடவில்லை.