வலி எனக்குத்தான், டாக்டர்

ஓட்டுநர் பயிற்சிக் காரில், சொல்லிக் கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் கோட்டை விட்டால் வண்டி சுவரில் போய் முட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்தப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்த அவள், பிரேக்கை மிதிப்பதில் பேர்போனவள். மாதத்தில் சில நாட்கள், சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போது, முன்னால் ஒரு ஈ காக்கா இல்லாதபோது, திடீரென்று ‘கிரீச்’ என்று வண்டி நின்றுவிடும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்குப் ‘பிரேக் டீச்சர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் வேண்டுமென்று மிதிக்கவில்லை. அடிவயிற்றில் யாரோ ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு வலி கிளம்பும். அது இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரைக்கும் இறங்கும். இறங்குகிற வேகத்தில் கால் தானாக நீண்டுவிடும். நீண்ட காலுக்கு அடியில் பிரேக் இருந்தால் அது யார் குற்றம்?

அப்போது அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வண்டி நிற்கும்போதெல்லாம் பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

“நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல சார். பூனை குறுக்க வந்துச்சு.”

“எங்கம்மா? என் கண்ணுக்குத் தெரியலையே!”

“ஓடிப் போயிடுச்சு சார்.”

மாதவிடாய் வலி என்று அந்தப் பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? அதனால் பூனைகள் பெருகின. கறுப்புப் பூனை, வெள்ளைப் பூனை, ஒரு தடவை குட்டிகளோடு தாய்ப் பூனை. வாத்தியார் நேராகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். புதுக் கண்ணாடியிலும் பூனை தட்டுப்படாததில் மனிதர் இடிந்து போனார்.

அவள் வைத்தியம் பார்க்காமல் இல்லை. தெருமுனை டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு “வாயு” என்றார். பெண்களுக்கான டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். ஒரு குழந்தையப் பெத்துக்கோங்க, சரியாயிடும்” என்றார். கைப்பை வாங்கினால் குடை இலவசம் என்கிற தோரணையில் சொன்னார். அடுத்தவர் “டென்ஷன்” என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் என்று தெரிந்ததும் அவருக்கு அதில் கொஞ்ச நஞ்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

அவளுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போனவள் போல ஒரு பவ்யம் வந்து ஒட்டிக்கொள்ளும். வலி எப்படி என்று கேட்டால், “பரவாயில்ல டாக்டர், கொஞ்சம்தான்” என்று சிரித்த முகமாகச் சொல்வாள். டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாதாம்.

இதெல்லாம் நாத்தனார் காதுக்கு எட்டாமலே இருந்தது. நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எப்போது எங்கிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை அவருக்கு. மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே குரல்தான். தன் வீட்டில் “சாப்பிட வாங்க” என்று அவர் கூப்பிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் போலிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவள் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள்.

“என்னம்மா பண்றே இங்க?”

“சும்மாதான் அண்ணி. தரை ஜில்லுனு இருக்கு.”

“சும்மா யாராவது பாத்ரூம்ல படுப்பாங்களா? வீட்ல வேற தரையே இல்லையா?”

“பரவாயில்ல அண்ணி, இப்போ சரியாயிடும். நீங்க உக்காருங்க, காபி போடறேன்.”

“காபி கிடக்கட்டும். எத்தன நாளா இப்படி?”

அவள் படுத்தபடியே யோசித்தாள். “வயசுக்கு வந்ததுலேர்ந்து.”

நாத்தனார் வாயடைத்துப் போனார். அவர் ஆயுசில் அப்படி ஒரு காட்சியை அந்த வீடு பார்த்ததில்லை. நல்லவேளை, அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

“எங்க டிக்கெட் கவுண்டர்ல ஒருத்தி இப்படித்தான் சுருண்டு சுருண்டு படுத்துக்குவா. அவளுக்கு என்னமோ பேர் சொன்னாங்களே... எண்டோ... மெட்ரி... யோசிஸ்.” ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போகிற பேருந்து மாதிரி அந்தப் பெயரைச் சொன்னார். “கருப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியில, கண்ட இடத்துல வளருமாம். அதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு வருஷக்கணக்கா ஆச்சு. அதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. உனக்கும் அதுவான்னு கேட்டுரலாம், கிளம்பு. ஆமா, போற எடத்துல எல்லாம் நீ என்ன சொல்லுவே?”

“லேசா வலின்னு...”

“நெனச்சேன்!”

அன்று மாலையே ஒத்திகை நடந்தது. அவள் கணவன் சோபாக்களுக்கு உறை தைக்கிறவன். கழுத்தில் எப்போதும் இன்ச் டேப் தொங்கும். அதனால் அவன்தான் டாக்டர்.

“சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?” என்று அவன் டேப்பின் நுனியை அவள் முதுகில் வைத்தான். “மூச்ச நல்லா இழுங்க.”

“லேசா வயித்து வலி டாக்டர்.”

“நிறுத்து!” என்று நாத்தனார் மேஜையைத் தட்டினார். “லேசா வலிக்கா பாத்ரூம்ல போய்ப் படுத்தே? திருப்பிச் சொல்லு.”

“கொஞ்சம் அதிகமா வலிக்குது. ஆனா பரவாயில்ல.”

“சரி, உறைக்கு ஜிப் வெக்கணுமா, பட்டன் போதுமா?” என்றான் கணவன். பழக்கதோஷத்தில் அவள் முதுகை அளந்தே முடித்திருந்தான்.

“டேய், தள்ளு நீ. வலின்னா எப்படிச் சொல்லணும்னு நான் காட்டறேன்” என்று நாத்தனார் எழுந்தார். வயிற்றைப் பிடித்தார், மடங்கினார், சோபாவில் சரிந்தார். “ஐயோ” என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் ஒரு காலில் செருப்போடு மேலே ஓடி வந்து, “ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?” என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டாக்டரம்மாவின் மருத்துவமனையில் கூட்டம் நெரிந்தது. முன்னறையில் இருந்த நர்ஸ், “யாருக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டார். அவள் வழக்கம் போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பண்ணுதுன்னா கேக்கறீங்க? இப்படிப் பண்ணுது!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார்.

ஒத்திகையைவிடப் பிரமாதமாக வந்தது. நர்ஸ் பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டார். இன்னொரு நர்ஸ் காலைப் பிடித்தார். கண் மூடித் திறப்பதற்குள் நாத்தனார் உள்ளே பரிசோதனைப் படுக்கையில் கிடந்தார்.

“எனக்கில்லம்மா, அவ...”

“பேசாதீங்க, பிரஷர் ஏறுது” என்று நர்ஸ் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். நாத்தனார் எதற்கும் அடங்காதவர்தான். ஆனாலும் தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்போது பேசக் கூடாது என்று சின்ன வயதில் அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கண்ணை மட்டும் உருட்டினார். அதையும் நர்ஸ் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து வயிற்றில் கை வைத்து, “இங்க அமுக்கினா எப்படி இருக்கு?” என்றார். நாத்தனாருக்கு வயிற்றில் கை பட்டாலே கூச்சம். தெர்மாமீட்டரைக் கடித்தபடி துள்ளினார்.

“ரொம்ப வலி போலிருக்கே. உடனே ஸ்கேனுக்குக் கொண்டுபோங்க.”

மூலையில், இரண்டு கைப்பைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அவள், “டாக்டர், வந்து... மன்னிக்கணும்...” என்றாள். யார் காதிலும் விழவில்லை. சக்கர நாற்காலி வந்தது. நாத்தனாரைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். நாற்காலி வாசலைத் தாண்டப் போனது. ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள், அதுவும் நார்மல் என்று வரும், தனக்கு ஒன்றுமில்லை என்று நாலாவது தடவையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அதுவும் வேறொருத்தி வயிற்றைப் பார்த்துவிட்டு!

“நிறுத்துங்க!” என்றாள்.

எதிரே வருகிற லாரியைப் பார்த்துக் கத்துகிற குரல் அது. நாற்காலியைத் தள்ளியவர் அப்படியே நின்றார். நாத்தனார் வாயிலிருந்து தெர்மாமீட்டர் மடியில் விழுந்தது.

“வலி எனக்குத்தான், டாக்டர்! அவங்க நல்லா இருக்காங்க. எனக்குத்தான் மாசா மாசம் உள்ள இருக்கறதையெல்லாம் கழட்டி மாட்டற மாதிரி இருக்கு. பாத்ரூம் போனா கத்தி சொருகற மாதிரி இருக்கு. உக்காந்தாலும் வலி, புருஷன் பக்கத்துல வந்தாலும் வலி. கொஞ்சமெல்லாம் இல்ல, உயிர் போகுது! பூனை பூனைன்னு சொல்லி ஒரு பெரிய மனுஷனுக்குக் கண்ணாடியே மாத்த வெச்சுட்டேன்!”

கடைசியில் சொன்னது மட்டும் டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போது ஆரம்பிக்கும், எங்கே இழுக்கும், எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவையும் எங்கே வைத்திருந்தோம் என்று.

“இதையெல்லாம் முன்னாடி பார்த்த டாக்டர்ங்க கேக்கலையா?”

“கேட்டாங்க டாக்டர். நாந்தான் பரவாயில்லன்னுட்டேன்.”

“கேக்கற மாதிரி கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கம்மா.”

“ஸ்கேன்ல நார்மல்னு வந்துச்சே?”

“சாதாரண ஸ்கேன்ல தெரியலன்னா இல்லன்னு ஆயிடாது. எங்க தேடணும்னு தெரிஞ்சவங்க உள்பக்கமா எடுத்துப் பாக்கணும். அதுலயும் தெரியலன்னா சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்கலாம்.”

“குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடுமாமே?”

“குழந்தை வேணும்னா பெத்துக்கோங்க. குழந்தை மருந்து இல்லம்மா.”

அடுத்த வாரம் அந்த ஸ்கேன் நடந்தது. எடுத்த பெண் டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எல்லாப் பெண்களும் தாங்குவதைத்தான் நாமும் தாங்குகிறோமோ, நாம்தான் பெரிதுபடுத்துகிறோமோ என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போதும் நினைத்தாள்.

“இடது சினைப்பையில கட்டி இருக்கு. குடலும் கருப்பையோட பின்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. எண்டோமெட்ரியோசிஸ்தான், சந்தேகமில்ல.”

“இருக்கா? நெஜமாவே இருக்கா?”

“இருக்கும்மா.”

“ரொம்ப நன்றி டாக்டர்!” என்று படுத்தபடியே கை நீட்டினாள். இப்படி ஒரு நோயாளியைப் பார்த்திராத அந்த டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார்.

அவள் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்துக் கணவனும் அழ ஆரம்பித்தான்.

“ஏங்க, அழாதீங்க. நல்ல சேதி. எனக்கு வியாதி!”

“வியாதியா!” என்று அவன் இன்னும் பெரிதாக அழுதான். நாத்தனார் எழுந்து நின்று, “கேட்டுக்கோங்க எல்லாரும்! எங்க பொண்ணு பொய் சொல்லல! வலி நெஜம்தான்!” என்று அறிவித்தார். காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

வாத்தியாரிடமும் அவள் உண்மையைச் சொன்னாள். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, பூனையே கிடையாது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?”

“நல்லா இருக்கு சார்.”

“அம்மாடி!” என்று பெருமூச்சு விட்டார். “உடம்பப் பாத்துக்கோம்மா. வலி வந்தா வலின்னே சொல்லு. பூனைக்குப் பயந்ததுக்கு இது எவ்வளவோ தேவலாம்.”

முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாதி குறைந்தது, மீதி குறைவேனா என்றது. பிறகு துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஒட்டியதைப் பிரித்து, கட்டியை எடுத்து, வளர்ந்த இடங்களைச் சுத்தம் செய்தார்கள். “திரும்ப வரலாம், வந்தா பாத்துக்கலாம்” என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். “இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு. சிரிக்காதீங்க. தையல் இழுக்கும்.”

அதைக் கேட்டுவிட்டுக் கணவனும் நாத்தனாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு படுக்கைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததுமே அவளுக்கு உதடு துடித்தது.

கணவன் ஒரு பையிலிருந்து சின்னத் தலையணையை எடுத்தான். “இருமும்போது வயித்துல வெச்சு அமுக்கிக்கணுமாம். உறை நானே தெச்சேன்.” சுற்றிலும் மூன்று அடுக்குக் கொசுவம், நாலு மூலையிலும் குஞ்சம். “கழட்டித் துவைக்கலாம்” என்றான் மிகுந்த சோகத்தோடு.

“குஞ்சம் எதுக்குடா?” என்று நாத்தனார் ரகசியமாகக் கேட்டார். அவர் ரகசியம் பேசுவது அதுவே முதல் தடவை. பக்கத்து அறையிலிருந்து, “அதானே, எதுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

அவ்வளவுதான். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். “ஐயோ” என்று கத்தினாள். மறுபடி சிரித்தாள். ஓடி வந்த நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அறை அமைதியானது. அவள் விட்டத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், குஞ்சத்தை முறுக்கினாள். பிறகு மணியை அடித்தாள்.

“என்னம்மா, வலிக்குதா? மாத்திரை வேணுமா?” என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குது. மாத்திரையும் வேணும், அந்த ரெண்டு பேரும் வேணும்.”

“முதல்ல எது?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“மாத்திரை” என்றாள்.